கசையும் கருணையும்: நியூ சவுத் வேல்ஸில் திருச்சபையின் முதல் அரை நூற்றாண்டு



1798 அக்டோபர் 1ஆம் தேதி சிட்னியில் ஒரு கோயில் தீக்கிரையானது. ஆஸ்திரேலியக் கண்டத்தில் கட்டப்பட்ட முதல் கிறிஸ்தவ ஆலயம் அது. குச்சித் தட்டியில் களிமண் அப்பிய சுவர், மேலே வேய்ந்த கூரை. ஞாயிறு ஆராதனை அங்கேதான்; வாரநாளில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் அங்கேதான். தானாகப் பிடித்த தீ அல்ல, வேண்டுமென்றே வைத்த தீ என்று ஆளுநர் ஜான் ஹன்டர் உறுதியாக நம்பினார். அதற்குச் சற்று முன்புதான், கைதிகள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆராதனைக்கு வந்தாக வேண்டும் என்று அவர் கண்டிப்பான உத்தரவு போட்டிருந்தார். துப்புக் கொடுப்பவருக்குப் பரிசுப் பணம், அவர் கைதியாக இருந்தால் விடுதலையும் உண்டு என்று அறிவித்தார். விடுதலையைவிடப் பெரிய ஆசை வேறில்லாத ஊர் அது. அங்கே விடுதலையையே விலையாக வைத்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. குடியேற்றக் காலத்துக் கிறிஸ்தவத்தைப் பற்றி நம்மிடையே இரண்டு முடிவுகள் ஆயத்தமாக இருக்கின்றன. ஆட்சியாளரின் துப்பாக்கிக்குப் பின்னால் வந்து அதன் பலத்தில் வளர்ந்த மதம் என்பது ஒன்று. கல்வியும் மருத்துவமும் அனாதை இல்லமும் கொண்டுவந்த கருணை மதம் என்பது மற்றொன்று. நியூ சவுத் வேல்ஸின் வரலாறு இரண்டையுமே மறுக்கிறது என்பது என் கருத்து. அங்கே அரசின் அதிகாரம் திருச்சபைக்குக் கட்டடம் கொடுத்தது, சம்பளம் கொடுத்தது, ஆளைப் பிடித்து உட்கார வைத்தும் கொடுத்தது. நம்பிக்கையை மட்டும் அதனால் கொடுக்க முடியவில்லை. அதிகாரத்தைக் கீழே வைத்துவிட்டு மனிதரிடம் போனவர்கள் வழியாகத்தான் திருச்சபை அந்த மண்ணில் வேர் பிடித்தது. கருணையின் தரமும் இதே அளவுகோலால்தான் கூடியது, குறைந்தது.

எரிந்துபோன கோயிலைக் கட்டியவர் ரிச்சர்ட் ஜான்சன். 1788 ஜனவரியில் இங்கிலாந்திலிருந்து நாடு கடத்தப்பட்ட 700க்கு மேற்பட்ட கைதிகளோடு 11 கப்பல்கள் வந்து சேர்ந்தபோது, குடியேற்றத்துக்கென அரசு நியமித்த ஒரே குருவானவராக அவரும் வந்தார். பிப்ரவரி 3ஆம் தேதி ஒரு மரத்தடியில் 116ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொண்டு முதல் பிரசங்கம் செய்தார். அதன் பிறகு ஐந்து ஆண்டுக்கு மேல் கோயில் இல்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, 1793இல் ஏறத்தாழ 67 பவுண்டு தம் கைக்காசைப் போட்டுத் தாமே கட்டி முடித்தார். அந்தப் பணம் அரசிடமிருந்து திரும்பி வர மேலும் நான்கு ஆண்டு ஆயிற்று. அவர் கெட்டவர் அல்ல, சோம்பேறியும் அல்ல. 1790இல் இரண்டாம் கப்பல் தொகுதி வந்தபோது அவர் செய்ததைக் கேளுங்கள். ஏறத்தாழ 1,000 கைதிகளை ஏற்றிவந்த அந்தக் கப்பல்களில் நான்கில் ஒரு பங்கினர் நடுக்கடலிலேயே இறந்துபோனார்கள். ஆளை ஏற்றிய கணக்குக்குத்தான் ஒப்பந்தக்காரருக்குப் பணம். உயிரோடு இறக்கிய கணக்குக்கு அல்ல. ‘சர்ப்ரைஸ்’ என்ற கப்பலின் அடித்தளத்துக்குள் ஜான்சன் இறங்கிப் போனார். திரும்பிப் படுக்கக்கூட வலுவில்லாமல், பெரும்பாலோர் உடுக்கத் துணியில்லாமல், செத்தவரும் சாகக் கிடப்பவரும் ஒன்றாகக் கிடந்த அந்த இருட்டிலே அவர்களிடம் பேசிக்கொண்டே நடந்தார். கரையில் போட்ட கூடாரங்களுக்கு நாள்தோறும் போனார். தம் சொந்தச் சாமான்களிலிருந்து எடுத்து நோயாளிகளுக்குக் கொடுத்தார். அவர் இல்லாவிட்டால் பலர் பிழைத்திருக்க மாட்டார்கள் என்று அக்காலக் கடிதம் ஒன்று சொல்கிறது. கூடாரத்துக்கு வந்த ஜான்சனை வாழ்த்தியவர்களும், கோயிலுக்கு வா என்ற உத்தரவுக்குப் பின்னால் நின்ற ஜான்சனைப் பொறுக்காதவர்களும் ஒரே கூட்டத்தார்தான். ஆள் மாறவில்லை; அவர் எந்த நிலையில் நின்று பேசினார் என்பது மாறியது. நான் காட்ட விரும்பும் முதல் சான்று இது.

ஜான்சனுக்குத் துணையாக 1794இல் வந்தவர் சாமுவேல் மார்ஸ்டன். 1800இல் ஜான்சன் இங்கிலாந்து திரும்பிய பிறகு குடியேற்றத்தின் தலைமைக் குருவானவர் அவரே. நியூசிலாந்தில் 1814இல் சுவிசேஷப் பணியைத் தொடங்கி வைத்தவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. அங்கே அவர் பெயரை இன்றும் மரியாதையோடு சொல்கிறார்கள். சிட்னியிலும் அருகிலுள்ள பரமட்டாவிலும் மக்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கசையடிப் பாதிரியார்’. காரணம், அவர் மாஜிஸ்திரேட்டாகவும் இருந்தார். ஞாயிறன்று பிரசங்க பீடத்தில் பாவமன்னிப்பைப் பற்றிப் பேசியவர், திங்களன்று நீதி மேடையில் உட்கார்ந்து முதுகில் எத்தனை அடி விழ வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். தவிரவும் அவர் பெரிய நிலக்காரர், ஆட்டுப் பண்ணைக்காரர். தண்டனைக் கைதிகளே அவர் நிலத்தில் கூலியாட்கள். குருவும் நீதிபதியும் முதலாளியும் ஒரே ஆளாக நின்றால் கைதி எந்தக் காதால் வேதத்தைக் கேட்பான்? மார்ஸ்டனின் கண்ணோட்டத்தைத் தெளிவாகக் காட்டும் ஆவணம் ஒன்று இருக்கிறது. 1806இல் குடியேற்றத்துப் பெண்களைப் பற்றி அவர் தொகுத்த பதிவேடு. அதில் 395 பெண்களை மணமானவர் என்றும் 1,035 பேரை வைப்பாட்டி என்றும் எழுதி வைத்தார். இங்கிலாந்துத் திருச்சபையின் முறைப்படி நடந்த திருமணம் மட்டுமே அவர் கணக்கில் திருமணம். கத்தோலிக்கக் குருவுக்கு அந்த மண்ணில் பணி செய்ய உரிமையே இல்லாத காலம் அது. அப்படியானால் அயர்லாந்துக் கத்தோலிக்கப் பெண் எங்கே போய், யார் முன் மணம் செய்துகொள்வாள்? ஒருவனோடு பத்தாண்டு குடித்தனம் நடத்தி, நிலம் உழுது, பிள்ளை பெற்று வளர்த்த பெண்ணும் அந்தப் பட்டியலில் வைப்பாட்டி. இந்தப் பதிவேடு லண்டனில் படிக்கப்பட்டது. நியூ சவுத் வேல்ஸ் ஒழுக்கங்கெட்ட ஊர் என்ற பெயர் நிலைக்க அது ஒரு முக்கியக் காரணமானது. மேய்ப்பனே தன் மந்தையை இப்படி எழுதி வைத்தது அந்தத் திருச்சபைக்கு நேர்ந்த பெரிய கேடு என்றுதான் நான் கருதுகிறேன்.

இங்கே ஒரு மறுப்பு எழும். கைதிகள் கூட்டத்தில் மதப்பற்றை எதிர்பார்க்கலாமா? திருடரும் குடிகாரரும் சேர்ந்த ஊரில் எந்தக் குருவானாலும் தோற்றுத்தான் இருப்பார்; பழியை ஏன் அதிகாரத்தின் மேல் போட வேண்டும்? நியாயமான கேள்வி. பதில் அந்த ஊரிலேயே கிடைக்கிறது. ‘கோரமண்டல்’ என்ற கப்பலில் — ஆம், நம் சோழமண்டலக் கரையின் பெயரைத் தாங்கிய கப்பல்தான் — 1802இல் சில குடும்பங்கள் வந்து இறங்கின. ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் நிலம் பெற்று உழுதவர்கள், பலர் பிரஸ்பிட்டேரியர்கள். அவர்களுக்குக் குருவும் இல்லை, சம்பளமும் இல்லை, உத்தரவும் இல்லை. ஜேம்ஸ் மீன் என்ற சாதாரணக் குடியானவர் வேதம் வாசித்து ஜெபம் நடத்தினார். 1806இல் ஒரு சங்கம் அமைத்து, தங்களுக்குள் பணம் திரட்டி, 1809இல் கல்லால் ஒரு கோயில் கட்டினார்கள். அதுதான் எபனேசர் ஆலயம், பள்ளிக்கூடமும் அதுவே. ஆஸ்திரேலியாவில் இன்றும் நிற்கும் ஆலயங்களில் மிகப் பழையது அது. அவர்கள் சுதந்திரக் குடிகள், கைதிகளோடு ஒப்பிடலாமா என்பீர்கள். சரி, கைதிகளிடமே வருகிறேன். 1798ஆம் ஆண்டு அயர்லாந்துக் கிளர்ச்சிக்குப் பிறகு நாடு கடத்தப்பட்டவர்களில் ஜேம்ஸ் டிக்சன் என்ற கத்தோலிக்கக் குருவும் ஒருவர், அவரும் கைதி. 1803 மே 15ஆம் தேதி, ஆளுநர் கிங்கின் அனுமதியோடு, காவல் கண்காணிப்பில், சிட்னியில் முதல் முறையாக வெளிப்படையான திருப்பலி நடந்தது. எந்த உத்தரவும் இல்லாமலே கத்தோலிக்கக் கைதிகள் திரண்டு வந்தார்கள். மறு ஆண்டு மார்ச்சில் காசில் ஹில் பகுதியில் அயர்லாந்துக் கைதிகள் கலகம் செய்தபோது அந்த அனுமதி பறிக்கப்பட்டது. அதன் பின் ஏறத்தாழ 16 ஆண்டுக் காலம் முறையான அனுமதி பெற்ற கத்தோலிக்கக் குரு அங்கே இல்லை. 1817இல் அனுமதி இல்லாமல் வந்த ஜெரமையா ஓஃப்ளின் என்ற குருவையும் ஆளுநர் மக்குவாரி மறு ஆண்டே பிடித்துக் கப்பலேற்றிவிட்டார். அவ்வளவுக்குப் பிறகும் வீடுகளில் கூடி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இந்தக் கைதிகளும் விடுதலை பெற்ற கைதிகளும்தான். பசி இல்லாத கூட்டம் இல்லை அது. பரிமாறிய கையைப் பிடிக்காத கூட்டம்.

1820இல் ஜான் ஜோசப் தெரி என்ற இளம் அயர்லாந்துக் குரு முறையான அனுமதியோடு வந்தார். 1821 அக்டோபரில் இன்றைய புனித மரியன்னை பேராலயம் நிற்கும் இடத்தில் முதல் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கல் வைத்தவர் ஓஃப்ளினை நாடு கடத்திய அதே மக்குவாரி. தெரிக்கும் தொடக்கத்தில் அரசுச் சம்பளம்தான். ஆனால் கத்தோலிக்க அனாதைகளை அரசின் அனாதைப் பள்ளிகளில் இங்கிலாந்துத் திருச்சபையின் பிள்ளைகளாக வளர்ப்பதை அவர் எதிர்த்தார். 1825இல் ‘சிட்னி கெசட்’டில் வெளியான அவருடைய அறிக்கையில் ஓர் அச்சுப்பிழை, மற்றத் திருச்சபைக் குருமார்மேல் அவருக்கு அரைகுறை மரியாதைதான் என்று பொருள்படும்படி ஆகிவிட்டது. அவர் விளக்கம் சொன்னார். அரசு ஏற்கவில்லை. சம்பளம் நின்றது, பதவி போயிற்று. 1837 வரை அவர் அரசுக் கணக்கில் வெறும் ஆள். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் செல்வாக்கு குறைந்ததா? ஏறியது. குதிரைமேல் ஏறி உள்நாட்டுக்குப் போனார். மருத்துவமனைக்குப் போய் வாசலில் தடுக்கப்பட்டார். தூக்குக் கயிற்றுக்குப் போகும் கைதியோடு கடைசி அடிவரை நடந்தார். கணக்கு வழக்கில் அவர் மோசம், பிடிவாதக்காரர், சொந்தத் திருச்சபை மேலதிகாரிகளுக்கே தலைவலி. இவை எல்லாம் உண்மை. ஆனாலும் சம்பளம் வாங்கிய எந்தக் குருவுக்கும் அங்கே கிடைக்காத அன்பு, சம்பளம் பறிக்கப்பட்ட இவருக்குக் கிடைத்தது. அரசு அவரைத் தள்ளி வைத்தது மக்கள் கண்ணில் அவருக்கு ஒரு தகுதிச் சான்று ஆகிவிட்டது.

இனி அறப்பணி. இங்கேதான் என் வாதத்துக்கு வலுவான எதிர்ப்பு இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். அரசுப் பணம் இல்லாமல் அந்தக் குடியேற்றத்தில் எந்தத் தர்மமாவது நடந்ததா என்று கேட்பவர்களுக்கு நிறையச் சான்று உண்டு. 1801 ஆகஸ்டில் சிட்னியில் பெண் அனாதைப் பள்ளி 31 சிறுமிகளோடு திறக்கப்பட்டது. ஆளுநர் கிங்கும் அவர் மனைவியும் எடுத்த முயற்சி அது. துறைமுகத் தீர்வையும் அபராதப் பணமும்தான் அதற்கு முக்கிய வருமானம், பொருளாளர் மார்ஸ்டன். கடலோரச் சந்துகளில் அலைந்த சிறுமிகளுக்குக் கூரையும் சோறும் தையல் வேலையும் கிடைத்தன. அது நல்ல காரியம், ஐயமில்லை. ஆனால் அந்தச் சிறுமிகளில் பலர் தாய் தந்தை இல்லாதவர்கள் அல்ல. தாய் தகாதவள் என்று மேலே உள்ளவர்கள் முடிவு செய்ததால் அனாதை ஆக்கப்பட்டவர்கள். மார்ஸ்டனின் பதிவேட்டை இங்கே நினைவில் வையுங்கள். தாயை வைப்பாட்டி என்று எழுதிய பேனாவுக்கும் மகளை அனாதை என்று எழுதிய பேனாவுக்கும் மை ஒன்றுதான். ஆகவே அரசுப் பணம் தர்மத்தைக் கெடுத்தது என்று நான் சொல்லவில்லை. பணத்தோடு சேர்ந்து வந்த தீர்ப்புச் சொல்லும் உரிமை, அதுதான் கெடுத்தது. பணம் வேறு, அதிகாரம் வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் குடியேற்றக் காலத் தர்மத்தை எடை போட முடியாது.

எட்வர்ட் ஸ்மித் ஹால் என்பவர் கதை இந்த வேறுபாட்டை நன்றாகக் காட்டும். 1811இல் சுதந்திரக் குடியாக வந்தவர். 1813 மே 8ஆம் தேதி சிலரைக் கூட்டி, கிறிஸ்தவ அறிவையும் உதவியையும் பரப்பும் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 1818இல் அதுவே நியூ சவுத் வேல்ஸ் நல்லெண்ணச் சங்கமாக உருமாறியது, இன்றும் இயங்குகிறது. தண்டனைக் காலம் முடிந்தும் உழைக்க வலுவில்லாத கிழவர்கள், பிரசவத்துக்கு இடமில்லாத பெண்கள், காலிழந்த மாலுமிகள் ஆகியோர் அரசின் எந்தப் பட்டியலிலும் இல்லை. கைதியாக இருந்தவரை அரசு சோறு போட்டது. விடுதலை ஆனதும் பட்டினியும் அவர்களுக்கே சொந்தம். அவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்து உணவும் உடையும் கொடுத்தது இந்தச் சங்கம். 1821இல் அரசு ஒரு விடுதியைக் கட்டிச் சங்கத்திடம் ஒப்படைத்தது. இன்றைய மத்திய ரயில் நிலையம் நிற்கும் பகுதியில் அது இருந்தது. அரசுக் கட்டடம், ஆனால் தனியார் நிர்வாகம். சங்கமும் ஏழையை எடை போடாமல் இல்லை. பிச்சை எடுப்பதை ஒழிப்பதும் உழைக்கும் பழக்கத்தை ஊட்டுவதும் அதன் குறிக்கோளில் எழுதப்பட்டே இருந்தன. கையில் காசு கொடுத்தால் குடித்துவிடுவான் என்று பொருளாகவே கொடுத்தார்கள். இந்தக் குறையை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எடை போட்ட கைக்குக் கசை தூக்கும் உரிமை இல்லை. வேண்டாம் என்றால் ஏழை எழுந்து போகலாம். அனாதைப் பள்ளிச் சிறுமிக்கு அந்த உரிமை இல்லை. ஹாலைப் பற்றி இன்னொரு செய்தி. 1826இல் ‘மானிட்டர்’ என்ற பத்திரிகையைத் தொடங்கி, கைதிகளைக் கொடுமைப்படுத்துவதை எதிர்த்து ஆளுநர் டார்லிங்கைக் கடுமையாகத் தாக்கினார். 1828இல் புனித யாக்கோபு ஆலயத்தில் அவருடைய குடும்ப இருக்கையிலிருந்து, அங்கே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவராக இருந்த ஆர்ச்டீக்கன் ஸ்காட் அவரையும் அவர் பிள்ளைகளையும் வெளியேற்றினார். ஹால் விடவில்லை, வழக்குப் போட்டு நட்டஈடு பெற்றார். சிட்னியின் முதல் கிறிஸ்தவத் தர்ம சங்கத்தை நிறுவியவருக்கு அரசுத் திருச்சபையில் உட்கார இடமில்லை! அந்தத் திருச்சபை யாரை எஜமானாக வைத்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று நான் தேட வேண்டியதில்லை.

அதே ஸ்காட்டின் காலத்தில் அரசுத் திருச்சபையின் உரிமை உச்சத்தைத் தொட்டது. 1826இல் அமைக்கப்பட்ட திருச்சபை, பள்ளி நிலக் கழகத்துக்குக் குடியேற்றத்து நிலத்தில் ஏழில் ஒரு பங்கு ஒதுக்குவதென்று ஏற்பாடு. பள்ளிக்கூடம் எல்லாம் இங்கிலாந்துத் திருச்சபையின் கையில். மக்களில் ஏறத்தாழ பத்தில் மூவர் கத்தோலிக்கர். பிரஸ்பிட்டேரியரும் மெதடிஸ்டுகளும் வேறு இருந்தார்கள். எதிர்ப்பு எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. 1833இல் கழகம் கலைக்கப்பட்டது. அடுத்து வந்ததுதான் என் வாதத்துக்கு நடுத்தூண். ஆளுநர் ரிச்சர்ட் பர்க் தாமே இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர். அயர்லாந்தில் ஒரே ஒரு திருச்சபைக்கு எல்லாரும் கப்பம் கட்டியதால் விளைந்த கசப்பைக் கண்ணால் கண்டவர். 1836 ஜூலையில் அவர் கொண்டுவந்த திருச்சபைச் சட்டம் இங்கிலாந்துத் திருச்சபை, கத்தோலிக்கத் திருச்சபை, பிரஸ்பிட்டேரியத் திருச்சபை மூன்றையும் ஒரே தட்டில் வைத்தது. மக்கள் 300 பவுண்டாவது திரட்டினால் அரசும் பவுண்டுக்குப் பவுண்டு, 1,000 பவுண்டு வரை கட்டடத்துக்குக் கொடுக்கும். 100 பெரியவர் கொண்ட சபைக் குருவுக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு, 200 பேர் என்றால் 150, 500 பேர் என்றால் 200. புதிய பேராயர் பிராட்டன் கொதித்தார்: உண்மைக்கும் பிழைக்கும் ஒரே சம்பளமா, அரசு எல்லா மதத்தையும் சமமாக்கினால் எதையும் நம்பவில்லை என்றுதானே பொருள் என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் நேர்மை இருக்கிறது. ஆனால் நடந்தது என்ன? கோயில்கள் வேகமாக எழுந்தன, பிராட்டனின் திருச்சபைக் கோயில்கள் உட்பட. முதலில் மக்கள் காசு போட வேண்டும் என்ற நிபந்தனை, ஒவ்வொரு ஊரிலும் மக்களை ஒன்றுகூட்டியது. உத்தரவால் வராதவர்கள் தங்கள் காசு போன இடத்துக்கு வந்தார்கள். பணம் அரசிடமிருந்தே வந்தது. முற்றுரிமை மட்டும் போயிற்று. வளர்ச்சிக்கு அதுவே போதுமானதாக இருந்தது. 1862இல் இந்த உதவியும் சட்டப்படி நிறுத்தப்பட்டது. அப்போதும் திருச்சபைகள் சரிந்துவிடவில்லை.

1838ஆம் ஆண்டு கடைசி நாளில் அயர்லாந்திலிருந்து அறச்சகோதரிகள் சபையைச் சேர்ந்த ஐந்து கன்னியர் சிட்னியில் இறங்கினார்கள். ஆஸ்திரேலியா கண்ட முதல் கன்னியர்கள் அவர்களே. பரமட்டாவில் பெண் கைதிகளை அடைத்து வேலை வாங்கிய தொழிற்சிறைக்குத்தான் முதலில் போனார்கள். 1827இல் உணவைக் குறைத்ததற்காகப் பெண்கள் கதவை உடைத்துக் கலகம் செய்த இடம் அது. கன்னியர் கையில் சாவியும் இல்லை, பதிவேடும் இல்லை. போனார்கள், உட்கார்ந்தார்கள், பேசினார்கள், மறுநாளும் போனார்கள். பின்னாளில், 1857இல், புனித வின்சென்ட் மருத்துவமனையைத் தொடங்கியபோது எல்லா மதத்தாருக்கும் அதன் கதவு திறந்திருந்தது. அதே 1838இல் வந்து சேர்ந்த இன்னொரு பெண்மணிக்கும் நமக்கும் நேரான தொடர்பு உண்டு. கரோலின் சிஷோம், கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படை அதிகாரி ஒருவரின் மனைவி. 1832இல் மதராஸுக்கு வந்து, 1834இல் இங்கே ஐரோப்பியச் சிப்பாய்களின் பெண் பிள்ளைகளுக்காக ஒரு தொழிற்பள்ளி தொடங்கியவர். படிப்பு, சமையல், வீட்டு நிர்வாகம், நோயாளியைப் பேணுதல் என்று கையில் தொழிலோடு பெண்ணை வெளியே அனுப்புவது அந்தப் பள்ளியின் முறை. சிட்னியில் அவர் செய்த பெரும் பணிக்கு ஒத்திகை நம் மதராஸில்தான் நடந்தது. சிட்னித் துறையில் இறங்கிய ஏழைப் பெண்கள் வேலை கிடைக்காமல் வெட்டவெளியில் படுத்துக் கிடப்பதைக் கண்டார். 1841இல் ஆளுநர் கிப்ஸிடம் நடையாய் நடந்து, அரசுக்கு ஒரு காசு செலவு வராது என்று எழுதிக் கொடுத்து, பழைய மரக் கொட்டகை ஒன்றைப் பெற்றார். அங்கேயே ஒரு சிறு அறையில் தங்கினார். முதல் இரவில் விளக்கை அணைத்ததும் எலிகள் மேலே ஏறி ஓடின. விளக்கேற்றி, ரொட்டியை வெட்டி எலிகளுக்குப் போட்டு, விடியும்வரை படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். பிறகு வண்டிகளில் பெண்களை ஏற்றி உள்நாட்டுப் பண்ணைகளுக்குத் தாமே கூட்டிப்போனார். கூலியும் நிபந்தனையும் எழுதிய ஒப்பந்தம் மூன்று படி: முதலாளிக்கு ஒன்று, வேலையாளுக்கு ஒன்று, அவர் கையில் ஒன்று. ஏமாற்றினால் கேட்க ஆள் உண்டு என்று அந்த மூன்றாவது படி சொன்னது. 1846இல் அவர் இங்கிலாந்து திரும்பும்போது ஏறத்தாழ 11,000 பேருக்கு வேலையோ நிலமோ கிடைக்க வழி செய்திருந்தார். மனம் மாறிக் கத்தோலிக்கர் ஆனவர் என்பதால் ஜான் டன்மோர் லாங் போன்ற பிரஸ்பிட்டேரியத் தலைவர்கள், குடியேற்றத்தை ரோமாபுரிக்கு அடிமையாக்கச் சூழ்ச்சி செய்கிறார் என்று தாக்கினார்கள். அவர் வைத்திருந்த பதிவுகளே பதில் சொல்லின: வந்தவரின் மதத்தைப் பார்த்து அவர் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. தனி ஒருத்தியை வைத்துப் பொதுவிதி சொல்லலாமா என்று கேட்கலாம். அவர் முறை தனித்திறமையைச் சார்ந்தது அல்ல என்பதே என் பதில். வந்தவரின் கையில் எழுத்துச் சான்றைக் கொடுத்துவிடும் தர்மம் அது. கொடுத்தவர் போன பின்னும் அந்தத் தாள் பெற்றவரிடமே இருக்கும்.

என் வாதத்தின் கடினமான பகுதிக்கு வந்துவிட்டேன். நான் இதுவரை சொன்ன தேவாலயமும் பள்ளியும் விடுதியும் நின்ற மண் பிறருடையது. கைதிகளுக்குப் பசியும் அடியும் இருந்தன. அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு மண்ணே பறிபோனது. அவர்களிடம் கிறிஸ்தவத் தர்மம் எப்படி நடந்துகொண்டது? தொடக்கத்தில் ஒரு நல்ல அடையாளம் இருந்தது. 1789இல் அம்மை நோய் சிட்னிக் கரையின் பூர்வகுடிகளை வாரிக்கொண்டு போனபோது, பூரோங் என்ற சிறுமியை ஜான்சன் தம்பதியர் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். தங்கள் மகளுக்கு மில்பா என்று அந்த மக்களின் மொழியிலிருந்தே பெயர் வைத்தார்கள். அது வளரவில்லை. மக்குவாரி 1815 ஜனவரியில் பரமட்டாவில் பூர்வகுடிக் குழந்தைகளுக்கான நிலையம் ஒன்றைத் திறந்தார். முன்பு தகீத்தியில் ஊழியம் செய்த வில்லியம் ஷெல்லி அதன் பொறுப்பாளர். உணவு, உடை, எழுத்து, வேதம் எல்லாம் இலவசம். ஆனால் ஒரு முறை பிள்ளையை விட்டால், பெண்ணுக்கு 14 வயதும் ஆணுக்கு 16 வயதும் ஆகும்வரை பெற்றோர் திரும்பக் கேட்க முடியாது. இரண்டே ஆண்டு காலத்துக்குள் என்ன நடந்தது என்று பாருங்கள். 1816 ஏப்ரலில் அதே மக்குவாரி அனுப்பிய படை, ஆப்பின் என்ற இடத்துக்கு அருகே இரவில் பூர்வகுடிகளின் முகாம் ஒன்றைச் சூழ்ந்தது; குறைந்தது 14 பேர் இறந்தார்கள். அந்தப் படைக்குக் கொடுத்த கட்டளையிலேயே, நிலையத்தில் சேர்க்க ஆரோக்கியமான குழந்தைகளைப் பிடித்து வரும்படி எழுதியிருந்தது. ஒரே கையெழுத்தில் படையெடுப்பும் பள்ளிச் சேர்க்கையும். பெற்றோர் பிள்ளைகளை மறைத்ததில் வியப்பில்லை. பிள்ளைகள் ஓடிப்போனதிலும் வியப்பில்லை. இந்த மக்களுக்குக் கல்வியில் நாட்டமில்லை என்று அன்று அதிகாரிகள் முடிவு கட்டினார்கள். 1819இல் நடந்த பொதுத் தேர்வில், ஏறத்தாழ நூறு வெள்ளைக்காரப் பிள்ளைகளும் எழுதிய அந்தத் தேர்வில், முதல் பரிசு பெற்றவள் இந்த நிலையத்து மாணவி மரியா, டாருக் இனத் தலைவர் யாரமுண்டியின் மகள். நாட்டம் இல்லாமல் போனது கல்வியில் அல்ல. பிள்ளையைப் பிரிக்கும் கல்வியில்.

அதிகாரத்தைக் கீழே வைத்தால் போதும் என்று இதுவரை சொன்னேனே, பூர்வகுடிகள் விஷயத்தில் அது போதவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். லான்சலட் த்ரெல்கெல்ட் என்ற ஊழியர் 1825இல் மக்குவாரி ஏரிக் கரையில் பணி தொடங்கினார். பிராபன் என்ற பூர்வகுடி அறிஞரோடு உட்கார்ந்து அவருடைய மொழியைக் கற்று, 1834இல் அதன் இலக்கணத்தை அச்சிட்டார். கட்டாயமும் இல்லை, கசையும் இல்லை. எல்லைப்புறத்தில் நடந்த கொலைகளைத் தம் ஆண்டறிக்கைகளில் எழுதினார். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக நின்றார். ஆனால் வேதத்தின்மேல் சத்தியம் செய்ய இயலாதவர் என்று சொல்லிப் பூர்வகுடிகளின் சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்கவே இல்லை. 1841இல் பணி மூடப்பட்டது. அவர் யாருக்காகப் போனாரோ அவர்களில் பெரும்பாலோர் நோயாலும் வன்முறையாலும் அழிந்தும் சிதறியும் போயிருந்தார்கள். இது திருச்சபையின் கையாலாகாத்தனத்துக்குச் சான்று என்று சிலர் சொல்வார்கள். நான் வேறுவிதமாகப் பார்க்கிறேன். கைதிக்குத் தண்டனை முடிந்தால் நிலம் கிடைத்தது. சிஷோம் அழைத்துப்போன பெண்ணுக்குக் கூலி ஒப்பந்தம் கிடைத்தது. பூர்வகுடிகளுக்குப் போர்வையும் வேதமும் கொடுத்தார்கள், இழந்ததைத் திருப்பித் தரவில்லை. இதை அன்றே தெளிவாக உணர்ந்திருந்தவர் அந்தப் பரிசு பெற்ற மரியாதான். ஒரு கைதித் தச்சரை மணந்து குடும்பம் நடத்திவந்த அவர், 1831இல், நிலையம் கற்றுக் கொடுத்த ஆங்கிலத்தில் ஆளுநர் டார்லிங்குக்கு ஒரு மனு எழுதினார். அதில் அவர் தர்மம் எதையும் கேட்கவில்லை. இறந்துபோன தம் சகோதரர் கோல்பிக்கு அரசு ஒதுக்கிய நிலம் தமக்கு உரியது, அதைத் தர வேண்டும் என்று கேட்டார். பல ஆண்டுகள் கழிந்த பின் அந்த நிலம் அவர் கைக்கு வந்தது. அவருடைய வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக அந்தப் பகுதியில் வாழ்ந்தார்கள்.